சிறகுக் குதிரைக்குக் கைமாறு

கராபுகோ, ஜூன் 4

மகளே ருஃபினா,

ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் உன் மகள் அனாயி. நீ அனுப்புவதை எனக்குப் படித்துச் சொல்பவளும் அவள்தான், நான் சொல்வதைத் தட்டி அனுப்புபவளும் அவள்தான். அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டில் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. பக்கத்து வீட்டு தோன் செவேரோ இன்னும் எல்லை தாண்டி உங்கள் அரிக்காவுக்குத்தான் பேருந்து ஓட்டுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு பாலாடைக்கட்டியும். என்னை ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள் என்றாலும், அந்த ஐந்து வருஷமும் கையெழுத்தில் நான்தான் முதல். அதை நீ படிக்கும்போதே தெரிந்துகொள்வாய்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நீ வைத்துக் கொடுத்த இணையப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் பூமித்தாய்க்கும் அதற்கும் கொஞ்சம் ஊற்ற வேண்டுமல்லவா? செவேரோ தாராள மனசுக்காரர், பீரைப் பெட்டியின் தலையிலேயே ஊற்றிவிட்டார். ஒரு நாள் முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. "பெட்டிக்குப் போதை பாட்டி, தெளிஞ்சதும் எந்திரிக்கும்" என்றாள் அனாயி. அப்படியே எழுந்தது.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். "பாட்டி, இங்க வாயேன், நம்ம வீட்டைக் காட்டறேன்."

"வீட்டுக்குள்ளதான்டி நிக்கறேன்."

"மேலேருந்து பாட்டி. கழுகு பாக்கற மாதிரி."

ருஃபினா, என் வீட்டை வானத்திலிருந்து பார்த்தேன். தகரக் கூரை, அது பறக்காமல் இருக்க நான் ஏற்றி வைத்த கற்கள், ஆட்டுப்பட்டி, அப்பால் ஏரி. கரையில் உன் அப்பாவின் படகு கவிழ்ந்து கிடந்தது. அவர் போய் நான்கு வருஷம், படகை விற்று மூன்று வருஷம். "படம் பழசு பாட்டி, எப்பவோ எடுத்தது" என்றாள். நம் வீட்டில் இல்லாத படகு வானத்தில் யாரிடமோ பத்திரமாக இருக்கிறது. பிறகு அவள் விரலால் மலைகளைத் தள்ளிக்கொண்டே போய் நீ காய் பறிக்கும் அசாப்பாப் பள்ளத்தாக்கைக் காட்டினாள். ஒலிவ மரங்கள் நெசவுப்புள்ளி மாதிரி வரிசையாக நின்றன. அதற்கப்புறம் கடல். நான் பிறந்ததிலிருந்து பார்க்காத கடல். உன்னைத் தேடினேன், மரம்தான் தெரிந்தது.

இப்போது நல்லதல்லாதது. இரண்டு வாரமாக நான் அறைக்குள் நுழைந்தால் அனாயி கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். சிரிப்பு குறைந்துவிட்டது. "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்ல பாட்டி" என்கிறாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பதினைந்து வயதில் நீ அப்படித்தான் சொல்வாய். என்ன செய்யட்டும்?

உன் அம்மா,
பாசிலியா


அசாப்பா, ஜூன் 13

அம்மா,

எல்லைச் சோதனையில் பாலாடைக்கட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்களாம். பால், பழம் எதுவும் சிலிக்குள் வராது என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது? கடிதம் மட்டும் தப்பியது. அது தப்பாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. படித்ததிலிருந்து தூக்கமில்லை.

உடனே கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டு. கேள்வி எதுவும் கேட்காதே, வாங்கிவிடு. என்னோடு ஒரே அறையில் இருக்கும் தெயோடோராவின் மகளுக்கு ஒருரோவில் என்ன நடந்தது தெரியுமா? யாரோ ஒருவன் பெண்பிள்ளை மாதிரிப் பேசிப் பழகி, ஒரு படம் வாங்கி, அப்புறம் அதை ஊருக்கெல்லாம் காட்டுவேன் என்று மிரட்டியிருக்கிறான். பிள்ளை எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கைப்பேசி போய்விடும், அடி விழும் என்ற பயம். ஒன்பதாம் நாள் சோறு இறங்காமல் மயங்கி விழுந்தபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது.

படிப்புக்காகத்தான் அம்மா அந்தப் பெட்டியை வைக்கச் சொன்னேன். அவளுக்குப் பதினொரு வயது. உன்னால் அவளைப் பார்த்துக்கொள்ள முடியாதென்றால் சொல், ஆகஸ்டில் வந்து இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆறு பேர் படுக்கும் அறையில் ஏழாவதாகப் படுக்கட்டும். என் கண் முன்னால் இருப்பாள்.

ருஃபினா


கராபுகோ, ஜூன் 25

ருஃபினா,

கைப்பேசியை நான் வாங்கவில்லை. முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஒருரோப் பிள்ளை எட்டு நாள் வாய் திறக்காததற்குக் காரணத்தை நீயே எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு, அதே பயத்தை இந்தப் பிள்ளைக்கும் கொடு என்கிறாய்.

பிடுங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதினைந்து வயது. தகர டப்பாவுக்குள் அந்தப் பையன் உனக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பில் போட்டேன். நல்ல தாய் வேலை செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிமிர்ந்து நடந்தேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் சொல்லவில்லை. நீ அவனோடு அரிக்காவுக்குப் போனதை ரொட்டி விற்பவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் உன்னை விட்டுப் போனதையும் வேறு யாரோதான் சொன்னார்கள். பதினேழு வருஷமாக இதைச் சொல்ல நினைத்திருக்கிறேன். எரித்தது தப்பு. அவ்வளவுதான். இதைத் திரும்ப எழுதச் சொல்லாதே.

அதனால் இந்தத் தடவை வேறு மாதிரி போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அந்த விளையாட்டைக் காட்டுடி" என்றேன். குதிரை வளர்க்கிற விளையாட்டு. அவள் குதிரைக்கு இரண்டு வெள்ளைச் சிறகுகள். ஓடி வந்து மலை விளிம்பில் கால் எடுத்தது பார், நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே மேகம், மேகத்துக்குக் கீழே ஆறு. இவ்வளவையும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி ஒழுங்காகச் சாப்பிட வரும்? அவளைத் திட்டியதெல்லாம் வீண் என்று பட்டது.

"சிறகு எங்கேருந்து வந்துச்சு?"

"குடுத்தாங்க பாட்டி. லூஸ்னு ஒரு ஃபிரெண்டு. கோச்சபம்பாவுல இருக்கா. பன்னெண்டு வயசு."

"அவ அம்மாவைப் பாத்திருக்கியா?"

கைப்பேசி கவிழ்ந்தது. பிறகு அவளே கேட்டாள். "பாட்டி, ஒருத்தங்க ஏதாவது குடுத்தா, நாம திருப்பிக் குடுத்தே ஆகணுமா?"

என் தலை எப்படி நிமிர்ந்தது தெரியுமா? நான் வளர்த்த பிள்ளை ஐனியைப் பற்றி, வாங்கிய உழைப்பை உழைப்பாகவே திருப்பிக் கொடுக்கும் நம் முறையைப் பற்றிக் கேட்கிறது! "பின்னே? ஏப்ரல்ல நம்ம கிழங்கைத் தோண்ட எத்தனை பேர் வந்தாங்க? அவங்க வயலுக்கு நாம போனோமா இல்லையா? இந்த ஊர்ல வாங்கிட்டுத் திரும்பக் குடுக்காதவன் மூஞ்சியை யாரும் பாக்க மாட்டாங்கடி" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது, எனக்கு உறைத்தது. வாளியை அப்படியே கீழே போட்டேன். அந்த லூஸ் யாரோ, எதையோ கைமாறாகக் கேட்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் பிள்ளைக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாத ஒருவனுக்கு நான் வேலை செய்து கொடுத்திருக்கிறேன், ருஃபினா.

இனி நான் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து "ஒண்ணுமில்ல"தான் வரும். அதனால் ஒன்று யோசித்தேன். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய், முதல் முடி வெட்டுக்கு ஞானத்தாய், பந்தாட்டச் சட்டைக்குக்கூட ஞானத்தாய் வைக்கிற ஊர் இது. அவள் கைப்பேசிக்கும் ஒரு ஞானத்தாய் வைப்போம். சந்தையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாளே நோர்மா, அவளைக் கேட்டுவிட்டேன். சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "பிள்ளை எங்கிட்ட என்ன சொன்னாலும் நீங்களும் ருஃபினாவும் ஃபோனைப் பிடுங்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணணும். இல்லேன்னா நான் எதுக்கு, சும்மா கேக் வெட்டவா?"

என் சத்தியம் இங்கே இருக்கிறது. உன்னுடையதை உன் கையால் எழுதி அனுப்பு. ஆகஸ்ட் முதல் தேதி, பூமித்தாய் வாய் திறந்திருக்கும் நாளில், எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும்.

பாசிலியா


அசாப்பா, ஜூலை 6

அம்மா,

கைப்பேசிக்கு ஞானத்தாயா! அறையில் படித்துக் காட்டினேன், ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "அடுத்தது உங்கம்மா அடுப்புக்கு ஞானத்தகப்பன் வைப்பாங்க" என்றாள் தெயோடோரா. பிறகு அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "எம்மகளுக்கு அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம்" என்றாள்.

நீ அந்த டப்பாவைப் பற்றி எழுதியதை மரத்தடியில் நின்று படித்தேன். மேஸ்திரி இரண்டு தடவை கத்தினான், எனக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. திரும்ப எழுதச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

எனக்கு இன்னமும் பயம்தான். பிடுங்கிவிடு என்றுதான் உள்ளுக்குள் கத்துகிறது. போன ஞாயிறு அவளிடமே, "ஒழுங்கா இல்லேன்னா இங்க கூட்டிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அவள் பார்த்த பார்வை! நோர்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டுச் செய். கைப்பேசி இரவில் சமையலறையில் இருக்கட்டும், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டாம். இதையெல்லாம் என் கட்டளையாகச் சொல்லாதே, நோர்மா சொன்னதாகச் சொல்.

சத்தியம் தனித் தாளில் இருக்கிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவதை அனுப்புகிறேன்:

"அனாயி, நீ எதைச் சொன்னாலும் உன் கையிலிருந்து எதையும் பிடுங்கமாட்டேன். கோபம் வந்தால் அதை வெளியே போய் வைத்துவிட்டு வந்து கேட்பேன். உன்னைப் பாட்டியிடமிருந்து பிரிக்கமாட்டேன். உன்னை ஏமாற்றப் பார்த்தவர்தான் தப்பு செய்தவர், நீ இல்லை. பூமித்தாய் சாட்சி. உன் அம்மா, ருஃபினா."

ருஃபினா


கராபுகோ, ஆகஸ்ட் 3

என் மகளே,

உட்கார்ந்துகொண்டு படி. அவள் நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாக எழுதுகிறேன்.

முதல் தேதி மதியம் முற்றத்தில் செய்தோம். நோர்மா புதுப் பாவாடையும் தொப்பியுமாக வந்தாள். கைப்பேசியைப் போர்வை மேல் வைத்து, வண்ணக் காகிதப் பொடி தூவி, மண்ணில் பீர் ஊற்றினோம். செவேரோவைப் பாட்டிலிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வைத்தேன். "ஒரு தடவை கை தவறுனதுக்கு வாழ்நாள் தண்டனையா?" என்று புலம்பினார். அப்புறம் உன் தாளை நான் படித்தேன், உரக்க, ஒரு எழுத்து தடுக்காமல். "பிரிக்கமாட்டேன்" என்ற இடத்தில் அனாயி மூச்சை விட்டாள். நான்கு வாரமாக அந்த மூச்சை உள்ளேயே வைத்திருந்தவள் போல.

சாப்பாட்டுக்கு ஏரிமீன் பொரித்து, சுன்யோ உலர்கிழங்கு அவித்திருந்தேன். இவள் தொடவில்லை. நோர்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போனாள். நான் அடுப்படியில் நின்று ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. "அவளே சொல்றாளாம், பாட்டி. நடுவுல பேசாதீங்க" என்றாள் நோர்மா.

அந்த லூஸ் மே மாதம் சிறகுக் குதிரை கொடுத்ததாம். பிறகு ஒரு படம் கேட்டதாம், முகம் மட்டும். இவள் பள்ளிக்கூட வாசலில் சீருடையோடு நிற்கிற படத்தை அனுப்பிவிட்டாள். பின்னால் பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில். அடுத்து வீடு எங்கே என்று கேட்டதாம். அடுத்து, யாருக்கும் சொல்லாமல் எடுக்க வேண்டிய படம் ஒன்று. "நான் குதிரை குடுத்தேன்ல, நீ எனக்குத் தரணும்" என்றதாம். அந்தச் சமயத்தில்தான் இவள் என்னிடம் வந்து கேட்டிருக்கிறாள், திருப்பிக் கொடுத்தே ஆகணுமா என்று. நான் ஆமாம் என்றேன்.

"குடுத்துட்டியாடி?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"இல்ல பாட்டி. கேளு. நீ சொன்ன மாதிரிதான் பண்ணேன்."

நான் சொன்ன மாதிரி! உன் மகள் அந்த ஆளுக்கு என்ன எழுதினாள் தெரியுமா? நோர்மா எனக்கு அந்த எழுத்தைக் காட்டினாள், நானே என் கண்ணால் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்படி இருந்தது:

"எங்க ஊர்ல வாங்கினா வேலை செஞ்சு குடுப்போம். உங்க வயல் எங்க இருக்கு? எங்க பாட்டி, செவேரோ மாமா, நான், இன்னும் ரெண்டு பேர் வர்றோம். ஒரு நாள் முழுக்கத் தோண்டித் தர்றோம். மத்தியானம் உங்க அம்மா சமைப்பாங்களா?"

அந்தப் பக்கம் முதலில் சிரித்ததாம். வயலா, பைத்தியமா என்றதாம். இவள் விடவில்லை. "வயல் இல்லேன்னா வீடு கட்டற வேலை இருக்கா? உங்க அம்மா பேர் என்ன?" அப்போதுதான் அது வேறு குரலில் பேச ஆரம்பித்திருக்கிறது. வேண்டாத வார்த்தை. படம் தராவிட்டால் சீருடைப் படத்தை ஊரெல்லாம் பரப்புவேன் என்று மிரட்டல்.

"அப்பவே தெரிஞ்சுபோச்சு பாட்டி. ஐனின்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போவோம், பாட்டு பாடிட்டு, மண்வெட்டியைத் தூக்கிட்டு. யாருக்கும் சொல்லாதேன்னா அது எப்படி ஐனி? வயலும் இல்ல, அம்மாவும் இல்ல, சாப்பாடும் இல்ல."

"தெரிஞ்சதுக்கப்புறம் ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அம்மா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களே. நீ தனியா இருப்பியே."

ருஃபினா, எனக்கு அறுபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து அந்த முறைப்படி நடந்திருக்கிறேன், யார் வயலுக்கும் ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் ஆளைக் கட்டும் கயிறு என்று நினைத்து அவள் கையில் கொடுத்ததை அவள் தராசாகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அதில் அந்த ஆளை ஏற்றி நிறுத்துப் பார்த்திருக்கிறாள், பதினொரு வயதில், தனியாக, பயந்துகொண்டே. நான் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டை வானத்திலிருந்து பார்த்தபோதுகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. சின்ன முகம், மூக்கு ஒழுகல், சடையில் ஆட்டுப்புல். இதற்குள்ளேயா அவ்வளவும் இருந்தது?

நோர்மா எதையும் அழிக்க விடவில்லை. அந்த ஆள் எழுதியதையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொண்டாள், பிறகுதான் அவன் வர முடியாதபடி அடைத்தாள். தெரியாதவர் இவளிடம் பேச முடியாதபடி விளையாட்டில் பூட்டுப் போட்டாள், கைப்பேசி இருக்குமிடத்தைச் சொல்லிக்கொடுக்கும் எதையோ அணைத்தாள். "மேலேருந்து கூரையைப் பாத்துப் பெருமைப்பட்டீங்களே பாட்டி, பள்ளிக்கூடம் பேர் தெரிஞ்சா அவனும் தேடிப் பாக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து கற்களை எண்ணுவதற்குக்கூட நான் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை.

நேற்று மூன்று பேரும் நகராட்சியின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் அந்த வயல் கேள்வியை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதைப் புகாரோடு சேத்து வைக்கறேன்" என்றாள். புகார் லா பாஸுக்குப் போகிறது, பிடிபடுவானா என்று தெரியாது. ஆனால் அனாயி வகுப்பில் கேட்டபோது இன்னும் இரண்டு பிள்ளைகளிடம் சிறகுக் குதிரை இருந்தது. இரண்டும் இன்று நோர்மா கடைக்குப் போயிருக்கின்றன. நோர்மாவுக்கு இனி ஞானமகள்களுக்குப் பஞ்சமில்லை.

குதிரையை என்ன செய்தாய் என்று கேட்டேன். "அவுத்து விட்டுட்டேன் பாட்டி. அதுவா பறந்து போகுது பாரு" என்று காட்டினாள். இரண்டு பேரும் அது புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

உன் அம்மா


அசாப்பா, ஆகஸ்ட் 14

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை அவளே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் சத்தியம் செய்தவள் அல்லவா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். "ஏம்மா வாயைப் பொத்திட்டிருக்க, பல் வலியா?" என்றாள். ஆமாம் என்றேன். பேசி முடித்ததும் வெளியே போய் ஒலிவ மரத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். மேஸ்திரி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வரிசையில் காய் பறிக்கும்போது ஆளாளுக்கு அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள்: "உங்க வயல் எங்க?" ஆனால் சாயங்காலம் ஆறு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று வீட்டுக்குப் பேசினோம். தெயோடோரா எதையும் விசாரிக்காமல், மகள் பேசுவதை நிறைய நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள்.

அம்மா, இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாகத் தாளை மடித்து மடித்து வைக்கிறேன். உன்னிடம் சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, பதறாதே. ஆனால் ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நீ "எப்படி இருக்க?" என்று கேட்கும்போது "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்கிறேன். அது பொய். பதினேழு வருஷமாகப் பழகிவிட்ட பொய்.

அனாயிக்கு நான் எழுதிக் கொடுத்தேனே, அந்த மாதிரி ஒரு தாள் எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை. முப்பத்திரண்டு வயதில் கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ருஃபினா


கராபுகோ, ஆகஸ்ட் 22

ருஃபினா,

நீ அனாயிக்கு எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்து எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக இதுவரை வந்ததில்லை. அனாயி எட்டிப் பார்த்தாள். "யாருக்கு பாட்டி?" என்றாள். "என் பிள்ளைக்கு" என்றேன். அவள் வேறெதுவும் கேட்காமல், தானாகவே பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னோடு ஏரிக்கரைக்கு வந்தாள். உன் அப்பாவின் படகு இருந்த இடத்தில் ஊற்றினோம்.

நீ எதைச் சொன்னாலும் திட்டமாட்டேன். ஊரில் யாருக்கும் சொல்லமாட்டேன், ரொட்டி விற்பவளுக்கு அறவே இல்லை. கோபம் வந்தால் அதை ஆட்டுப்பட்டியில் கட்டிவிட்டு வந்து படிப்பேன். நீ எழுதி அனுப்பும் எந்தக் காகிதத்தையும் எரிக்கமாட்டேன். பூமித்தாய் சாட்சி, அனாயியும் சாட்சி.

சொல், மகளே.

உன் அம்மா,
பாசிலியா